நேர்காணலில் பாதி நேரம் போட்டியாளருக்கு: மாடலிங் போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம் வட்டாரத்தில் ஹோட்டல் ஹாலிலும் கல்யாண மண்டபத்திலும் கல்லூரி அரங்கிலும் மாடலிங் போட்டி நடத்துகிற ஏற்பாட்டாளர்களுக்கும், அவற்றில் நடுவர் நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். மேக்கப் பெட்டியோடு வந்து, மேடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் காலையிலிருந்து இரவு வரை நிற்கிறவள். போட்டி இல்லாத நாட்களில் ஈரோட்டுப் புடவை மொத்த வியாபாரிகளின் கேட்லாக் ஷூட், திருப்பூர் பின்னலாடை ஷூட், முகூர்த்த நாள் என்றால் கல்யாணப் பெண் அலங்காரம். அதனால் போட்டியில் ஜெயித்த பெண்ணுக்கு அப்புறம் கிடைக்கிற வேலை எப்படி இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும், போட்டி நடக்கும்போது அவளிடம் நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பதும் தெரியும். அந்த இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

மேடை நடை, உடைச் சுற்று, திறமைச் சுற்று பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. 1996ல் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடந்தபோது, போட்டியே கூடாது என்று பெரிய போராட்டம் நடந்தது. நீச்சலுடைச் சுற்றை செஷல்ஸ் தீவுக்குக் கொண்டு போனார்கள். மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்து இறந்தே போனார். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை, நடக்கட்டும். என் வருமானத்தில் ஒரு பங்கு இந்தப் போட்டிகளிலிருந்துதான் வருகிறது. போட்டியே வேண்டாம் என்று சொல்ல நான் ஆள் இல்லை. எனக்குப் பேச வேண்டியது நேர்காணல் சுற்று மட்டும். மேடைக்கு முந்தின நாளோ அன்று காலையோ, தனி அறையில் மூன்று நான்கு பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டுப் பேசுகிறீர்களே, அது.

அந்த அறைக்குள் நான் வந்ததில்லை. ஆனால் முடித்து வெளியே வருகிறவர்கள் நேராக என் நாற்காலிக்குத்தான் வருவார்கள். வியர்வையை ஒற்றி எடுத்து, மை கலைந்திருந்தால் சரிசெய்து, அடுத்த சுற்றுக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்தில் உள்ளே நடந்தது முழுக்க வெளியே வந்துவிடும். "அக்கா, பாய்ஃப்ரெண்ட் இருக்கான்னு கேட்டாங்க, நான் என்ன சொல்லியிருக்கணும்?" என்பாள் ஒருத்தி. "கலர் கொஞ்சம் கம்மியா இருக்கே, எப்படிச் சமாளிப்பீங்கன்னு கேட்டாங்கக்கா" என்பாள் இன்னொருத்தி. கல்யாணம் எப்போது, வீட்டில் விடுவார்களா, எத்தனை கிலோ குறைப்பாய், அப்பா என்ன வேலை, சொந்த வீடா வாடகை வீடா. ஆண் போட்டியாளர் என்றால் கேள்விகூடப் பல இடங்களில் கிடையாது. சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். அப்புறம் எல்லா இடத்திலும் சுற்றி வருகிற அந்தக் கேள்வி: "அவுட்டோர் ஷூட்னா நைட் தங்க வேண்டி வரும், அட்ஜஸ்ட் பண்ணிப்பீங்கல்ல?" இதைக் கேட்கிறவர் நல்ல மனதோடு கேட்கலாம். கேட்கப்படுகிற பெண்ணுக்கு அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. சிரித்து மழுப்பிவிட்டு வந்து, அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டிருப்பார்களோ என்று என்னிடம் கேட்கிறாள்.

இந்த மாதிரிக் கேள்வி கேட்காத நடுவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது இன்னொரு வகை: அழகு என்றால் என்ன, உங்கள் முன்மாதிரி யார், ஒரு நாள் முதல்வரானால் என்ன செய்வீர்கள். இவற்றுக்கெல்லாம் விடை யூடியூபிலேயே இருக்கிறது. 2017ல் சீனாவின் சான்யாவில் மானுஷி சில்லரிடம், எந்தத் தொழிலுக்கு அதிகச் சம்பளம் தரலாம் என்று கேட்டார்கள். தாய்மைக்கு என்று சொல்லி உலக அழகி ஆனார். அடுத்த வருஷம் திருச்சிப் பெண் அனுகீர்த்தி வாஸிடம், வெற்றியா தோல்வியா எது நல்ல ஆசிரியர் என்று கேட்டார்கள். தோல்வி என்றார், மிஸ் இந்தியா ஆனார். அதிலிருந்து எங்கள் மேக்கப் அறையில் நாள் முழுக்க இந்த இரண்டு பதிலும்தான். என்ன கேள்வி வந்தாலும் அம்மாவிலோ தோல்வியிலோ கொண்டுபோய் முடிக்கலாம் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியே கொடுக்கிறார்கள். நீங்கள் மனப்பாடத்துக்கு மதிப்பெண் போடுகிறீர்கள், அவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். இதில் அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, அப்படியென்றால் என்னதான் கேட்பது? அதற்கு முதலில் வேலை எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

ஈரோட்டில் ஒரு மொத்தக் கடைக்குக் கேட்லாக் எடுக்கிறார்கள் என்று வையுங்கள். விடிவதற்கு முன்பே மேக்கப் நாற்காலியில் உட்கார வேண்டும். ஒரே நாளில் நாற்பது, ஐம்பது புடவை மாற்ற வேண்டியிருக்கும். அத்தனையும் விற்பனைக்குப் போகிற சரக்கு. பின் குத்திக் கிழித்துவிடக் கூடாது, பவுண்டேஷன் ஒட்டக் கூடாது, கட்டின அடையாளமே தெரியாமல் திரும்பப் பெட்டிக்குள் போக வேண்டும். ஒவ்வொரு புடவைக்கும் பிளவுஸ் தைத்திருக்க மாட்டார்கள். கைவசம் இருப்பதில் நிறம் ஒத்துப்போவதை எடுத்து, முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இறுக்கிக்கொள்ள வேண்டும். முந்தானை டிசைன் தெரிய ஒரு படம், கொசுவம் விரிந்து தெரிய ஒரு படம், பார்டருக்கு ஒரு குளோசப். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வருகிற முப்பத்தைந்தாவது புடவையிலும் காலையில் சிரித்த அதே சிரிப்பு வேண்டும். உடை மாற்ற ஒரு திரைச்சீலை கட்டியிருப்பார்கள்; சில கிடங்குகளில் அதுவும் இருக்காது, புடவைக் கட்டுகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி மறைப்பு செய்துகொள்வோம். திருப்பூர் என்றால் டி-ஷர்ட், லெக்கிங்ஸ், நைட்டி, உள்ளாடை. பெட்டி மேல் அச்சாகிற முகம் பல வருஷம் கடை கடையாகத் தொங்கும். பெண்ணுக்குக் கல்யாணமாகி, குழந்தை பள்ளிக்கூடம் போகிற காலத்திலும் அந்தப் பெட்டி பஸ் நிலையக் கடையில் இருக்கும். பணமோ பேசின அன்றைக்கு வராது. நடுவில் இருக்கும் கோ-ஆர்டினேட்டர் தன் கமிஷனை எடுத்துக்கொண்டு, கடைக்காரர் இன்னும் தரவில்லை என்று மாதக்கணக்கில் இழுப்பார்.

இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறவர் கேட்க வேண்டிய கேள்விகள் தாமாகவே வந்து நிற்கின்றன. இதுவரை கேமரா முன்னால் நின்றிருக்கிறீர்களா, எவ்வளவு நேரம்? ஒரு போட்டோகிராபர் உங்களுக்குப் பிடிக்காத மாதிரி நிற்கச் சொன்னால் எப்படிச் சொல்வீர்கள்? இந்தப் புடவையை வாங்கப் போகிறவருக்கு இதில் எதைக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு புடவையை மேசை மேல் வைத்துக் கையில் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். சென்னிமலைப் பக்கத்திலிருந்து வருகிற நெசவாளர் வீட்டுப் பெண் பத்து நிமிடம் பேசுவாள், அதில் உங்களுக்கே தெரியாத விஷயம் இருக்கும். உள்ளாடை விளம்பரத்துக்குச் சம்மதமா என்றும் கேட்கலாம். அது இந்த ஊரில் நிஜமாகவே வருகிற வேலை, கேட்பதில் தப்பில்லை. ஆனால் முதலிலேயே, இல்லை என்று சொன்னால் மதிப்பெண் குறையாது என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். அட்ஜஸ்ட் பண்ணிப்பீங்களா என்று சுற்றி வளைப்பதற்கும் இதற்கும் உள்ள தூரம் உங்களுக்குப் புரியும்.

உலக மேடைகளிலும் இதே கோளாறு உண்டு என்பது ஒரு விதத்தில் ஆறுதல். 2021 டிசம்பரில் இஸ்ரேலின் எய்லாட் நகரத்தில் மிஸ் யூனிவர்ஸ் நடந்தது. அதில் ஹர்னாஸ் சந்துவிடம் தொகுப்பாளர் ஸ்டீவ் ஹார்வி, நீங்கள் மிருகங்கள் மாதிரி நன்றாகக் குரல் கொடுப்பீர்களாமே, செய்து காட்டுங்கள் என்றார். உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது. உலக மேடையில் இதைச் செய்வேன் என்று எதிர்பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் பூனை மாதிரி மியாவ் என்று கத்திக் காட்டினார். பிறகு மகுடமும் அவருக்குத்தான் வந்தது. 2000ல் லாரா தத்தாவுக்கு அப்புறம் இந்தியாவுக்கு வந்த முதல் மிஸ் யூனிவர்ஸ் மகுடம். ஆனால் அந்த நேரத்தில் வேறு என்ன செய்திருக்க முடியும்? மாட்டேன் என்று சொல்ல அங்கே இடமிருந்ததா? கேட்டவருக்கு அது ஒரு நிமிட வேடிக்கை.

இன்னொரு பக்கம் தென் அமெரிக்காவில் இருக்கிற பெரு நாட்டைப் பாருங்கள். 2017 அக்டோபரில் மிஸ் பெரு போட்டியில், போட்டியாளர்கள் ஒவ்வொருவராக மைக் முன்னால் வந்து வழக்கம்போல மார்பு, இடுப்பு அளவு சொல்ல வேண்டிய கட்டம். லிமாவின் பிரதிநிதியாக வந்த கமிலா கனிகோபா, "என் அளவு: என் நாட்டில் கடந்த ஒன்பது ஆண்டுகளில் பதிவான 2,202 பெண் கொலைகள்" என்றார். அடுத்தடுத்து வந்த எல்லோரும் அப்படியே பெண்கள் மீதான வன்முறையின் கணக்கைச் சொன்னார்கள். இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. இதை ஏற்பாடு செய்தது போட்டியை நடத்திய ஜெசிக்கா நியூட்டன். அவரும் ஒரு காலத்தில் அழகிப் பட்டம் வாங்கியவர். கேள்வியை மாற்றுகிற அதிகாரம் ஏற்பாட்டாளர் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. அமெரிக்காவில் 1921ல் அட்லாண்டிக் சிட்டிக் கடற்கரையில் குளியலுடையோடு தொடங்கிய மிஸ் அமெரிக்கா போட்டிகூட, 2018ல் நீச்சலுடைச் சுற்றை நிறுத்தி, அதற்குப் பதில் நடுவர்களோடு நேருக்கு நேர் பேசுகிற சுற்று என்று அறிவித்தது. இவ்வளவு பெரிய மாற்றத்தை அவர்கள் நேர்காணலின் மேல் நம்பி வைத்தார்கள். நம் ஊரில் நேர்காணல் என்பது, ஸ்பான்சர் வந்து சேரும் வரை நேரத்தை ஓட்டுகிற ஒரு வேலை.

மொழிக்கு வருகிறேன். கோபியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் வருகிற பெண்ணிடம் எதற்காக ஆங்கிலத்தில் கேட்கிறீர்கள்? அவளை வேலைக்கு எடுக்கப் போகிற புடவைக் கடை முதலாளி ஆங்கிலத்தில் பேசப் போவதில்லை. நடுவர் மேசையில் இருக்கிற நான்கு பேரும் தமிழர்கள், உள்ளே வருகிற பெண்ணும் தமிழ்ப் பெண், நடுவில் மட்டும் ஒரு ஆங்கிலம். மிஸ் யூனிவர்ஸிலேயே மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொள்ளலாம். 2018ல் பாங்காக்கில், அமெரிக்கப் போட்டியாளர் ஒருவர் வியட்நாம், கம்போடியா போட்டியாளர்களுக்கு ஆங்கிலம் தெரியவில்லை என்று இன்ஸ்டாகிராம் வீடியோவில் கிண்டலடித்து, பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. அந்த வியட்நாம் பெண் ஹென் நியே, எடே என்கிற சிறுபான்மை இனத்தைச் சேர்ந்தவர், கடைசி ஐந்து பேரில் ஒருவராக வந்தார்.

அவ்வளவு தூரம் போவானேன். விழுப்புரத்துக்குப் போங்கள். சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவை ஒட்டி அங்கே மிஸ் கூவாகம் போட்டி நடக்கிறது. நடை, உடை, பாவனை பார்த்து ஆட்களைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் பொது அறிவும் சமூக விழிப்புணர்வும் சார்ந்த கேள்விகளைக் கேட்டு மகுடம் வைக்கிறார்கள். திருநங்கையர் தமிழிலேயே பதில் சொல்கிறார்கள், கூட்டம் கைதட்டுகிறது. ஊடகக்காரர்கள் மேடைக்கு வெளியே அவர்களிடம் கேட்கிற கேள்விகள் வேறு விதமாக இருக்கும், அது தனியாக ஒரு மடலுக்கான விஷயம். மேடையில் மொழி ஒரு தடையாக இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

இப்போது நான் உண்மையில் கேட்க வந்ததற்கு வருகிறேன். நேர்காணல் பத்து நிமிடம் என்றால், அதில் ஐந்து நிமிடத்தைப் போட்டியாளருக்குக் கொடுங்கள். அவள் உங்களைக் கேட்கட்டும்.

சிரிக்காதீர்கள். அவள் உங்களிடம் உதவி கேட்டு வரவில்லை. நுழைவுக் கட்டணம் கட்டியிருக்கிறாள். உடை, செருப்பு, போட்டோ, பயிற்சி வகுப்பு என்று அதற்கு மேலும் செலவழித்திருக்கிறாள். பல வீடுகளில் அது அம்மாவின் நகைச் சீட்டுப் பணம். அவளுக்குத் தெரிய வேண்டிய விஷயங்கள் இருக்கின்றன. பரிசு பணமாகவா, கிஃப்ட் வவுச்சராகவா, எந்தத் தேதிக்குள்? ஜெயித்தால் எத்தனை மாதம் உங்களோடு ஒப்பந்தம், அந்தக் காலத்தில் வேறு வேலைக்குப் போகலாமா, போனால் உங்களுக்குக் கமிஷன் தர வேண்டுமா? தோற்றால் கட்டணத்தில் ஏதாவது திரும்புமா? ஸ்பான்சர் விருந்துக்கு வந்தே ஆக வேண்டுமா? நடுவர்களில் யாராவது இதே போட்டியாளர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்தவரா? கடைசிக் கேள்வி கொஞ்சம் உறுத்தும், எனக்குத் தெரியும். கோவையில் அது ஊரறிந்த ரகசியம்.

எல்லாவற்றுக்கும் மேலே படங்கள். காலையிலிருந்து இரவு வரை எடுக்கிறீர்கள், ஆயிரக்கணக்கில் சேரும். அதில் ஒப்பனை அறைக்குள் எடுத்தவையும் உண்டு. நான் கத்தி வெளியே அனுப்புகிற வரைக்கும் எடுப்பார்கள். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தின் உரிமை பொதுவாக எடுத்தவருக்கு. பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவர் இருந்தால், மாறாக ஒப்பந்தம் இல்லாத வரை அவருக்கு. படத்தில் இருக்கிற பெண்ணுக்கு அந்த உரிமை கிடையாது. இது எத்தனை போட்டியாளர்களுக்குத் தெரியும்? ஆங்கிலத்தில் நான்கு பக்கப் படிவம் கொடுத்து, பேனாவையும் நீட்டி, வரிசையில் பின்னால் இருபது பேர் நிற்கும்போது கையெழுத்து வாங்குகிறீர்கள். ஆதார் நகலும் முழு உருவப் படமும் வீட்டு முகவரியும் அதோடு போகிறது. அந்தத் தாள்களெல்லாம் போட்டி முடிந்ததும் எங்கே போகின்றன? தனிநபர்த் தரவுப் பாதுகாப்புக்கு என்று 2023ல் சட்டமே வந்துவிட்டது. போட்டியாளர்களின் கைபேசி எண்கள் ஒரு வாரத்துக்குள் முன்பின் தெரியாத கோ-ஆர்டினேட்டர்களிடம் போய்ச் சேர்ந்து, இரவு பதினோரு மணிக்கு 'ஹாய்' வருவது மட்டும் நிற்கவில்லை.

ஒரு போட்டியில் ஒரு பெண் இதைக் கேட்டாள். பேரையும் ஊரையும் சொல்ல மாட்டேன். "இன்னைக்கு எடுக்கிற போட்டோவை எங்கெங்க போடுவீங்க சார்?" அவ்வளவுதான் கேட்டது. "முதல்ல ஜெயிச்சுட்டு வாம்மா, அப்புறம் பேசலாம்" என்றாராம் நடுவர், மற்றவர்கள் சிரித்தார்களாம். அன்றைக்கு நடையில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. அடுத்த சுற்றுப் பட்டியலில் அவள் பேர் இல்லை. இரண்டுக்கும் தொடர்பு இருந்ததா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் மேக்கப் அறையில் இருந்த மற்ற பெண்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்: உள்ளே போனால் கேள்வி கேட்கக் கூடாது. கேட்காமல் இருப்பது எப்படி என்று உங்கள் போட்டி ஒரே மதியத்தில் அத்தனை பேருக்கும் கற்றுக்கொடுத்துவிட்டது. நாளைக்கு ஒரு ஷூட்டில் யாராவது தப்பாக நடந்தாலும் அவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்.

எதிர்த்துக் கேட்கிற பெண் மாடலாகத் தேற மாட்டாள் என்று உங்களில் சிலர் நிஜமாகவே நம்புகிறீர்கள். 2025 நவம்பரில் பாங்காக்கில் நடந்ததைச் சொல்கிறேன். மிஸ் யூனிவர்ஸ் நிகழ்ச்சி ஒன்றில், அங்கே போட்டியைப் பொறுப்பேற்று நடத்திய நவாத் இட்சரக்ரிசில், விளம்பரப் பதிவுகள் போடவில்லை என்று மெக்சிகோவின் ஃபாத்திமா போஷை எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டார். நேரலையில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் எழுந்து பதில் சொன்னார், வெளியே நடந்தார். முந்தைய ஆண்டு பட்டம் வென்றவர் உட்படப் பலர் கூடவே எழுந்து போனார்கள். நவாத் பிறகு மன்னிப்புக் கேட்டார். அதே மாதத்தில் மகுடம் ஃபாத்திமாவுக்குத்தான். நடுவர் தேர்வைப் பற்றி அந்தப் போட்டியிலும் புகார்கள் கிளம்பின, அந்தக் கதைக்குள் போகவில்லை. எழுந்து நின்று பேசினதால் அவருக்கு எதுவும் குறைந்துவிடவில்லை.

விருந்து விஷயம் சொன்னேன் அல்லவா, அதுவும் கற்பனையல்ல. அதே 2025 மே மாதம் ஐதராபாத்தில் உலக அழகிப் போட்டி நடந்தபோது, இங்கிலாந்துப் போட்டியாளர் மில்லா மேகி பாதியிலேயே ஊர் திரும்பினார். ஸ்பான்சர்களின் மேசைகளில் அவர்களை மகிழ்விக்க உட்கார வைக்கப்பட்டோம் என்று பத்திரிகைக்குச் சொன்னார். போட்டி நிர்வாகம் அதை மறுத்தது. தெலங்கானா அரசு விசாரிக்க உத்தரவிட்டது. உண்மை எதுவாக இருந்தாலும், விருந்தில் என்ன எதிர்பார்ப்பு என்பதை முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் இரு தரப்புக்கும் நல்லதாக இருந்திருக்கும்.

சட்டம் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் "இது போட்டிதானே, ஆபீஸா என்ன" என்று ஒரு ஏற்பாட்டாளர் என்னிடமே சொன்னார். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013ல் வந்தது. வேலைக்குச் சேர்ந்த பெண்களுக்கு மட்டும் என்று அதில் இல்லை. பணியிடத்தில் துன்புறுத்தப்பட்டதாகச் சொல்கிற பெண் எந்த வயதினராக இருந்தாலும், அங்கே வேலை பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் புகார் கொடுக்கலாம். பொழுதுபோக்கு நடத்துகிற தனியார் அமைப்புகளும் அதில் பணியிடம்தான். பத்துப் பேர் வேலை பார்த்தால் உள் புகார்க் குழு வைத்தே ஆக வேண்டும். அதற்குக் குறைவு என்றாலோ, புகாரே முதலாளி மீது என்றாலோ, மாவட்ட அளவில் ஒரு குழு இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் அங்கே போகலாம். நேர்காணல் அறைக் கதவில் இந்த விவரத்தை ஒட்டி வையுங்கள். ஒட்டுவதற்குச் செல்லோடேப் நானே தருகிறேன்.

பதினெட்டு நிரம்பாத பிள்ளைகள் வந்தால் அம்மாவோ அப்பாவோ அறைக்குள்ளேயே உட்காரட்டும். அந்த வயதில் அவர்கள் போடுகிற கையெழுத்து ஒப்பந்தமாகச் செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நேரம் இல்லை என்பீர்கள். நாற்பது பேர் வந்திருக்கும்போது ஆளுக்கு ஐந்து நிமிடம் கேள்வி கேட்கவிட்டால் மேடை நிகழ்ச்சி நள்ளிரவுக்குப் போகும் என்பீர்கள். பரிசு, ஒப்பந்தம், படம், கட்டணம் பற்றிய பதில்களைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சடித்து விண்ணப்பத்தோடு கொடுத்துவிட்டால் பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும். மீதிக்கு நேரம் போதவில்லை என்றால், சிறப்பு விருந்தினர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிற நிகழ்ச்சியைக் கொஞ்சம் சுருக்கலாம். போன முறை நான் வேலை பார்த்த போட்டியில் பொன்னாடை, நினைவுப் பரிசு, வாழ்த்துரை எல்லாம் முடிவதற்குள் பெண்களுக்கு இரண்டு முறை டச்-அப் செய்துவிட்டேன்.

மதிப்பெண் போடுகிற முறை பற்றி எனக்குப் பெரிய ஞானம் இல்லை. ஆனால் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொரு நடுவரும் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதற்கு முன்பே தன் தாளில் எண்ணை எழுதிவிட்டால், யாருக்கோ சாதகம் செய்தார்கள் என்கிற பேச்சு பாதி குறையும். மிஸ் அமெரிக்காவில் தனி அறை நேர்காணலுக்குத் தனியாக மதிப்பெண் உண்டு. இங்கே நேர்காணலுக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டால் ஏற்பாட்டாளருக்கே தெரியவில்லை.

தை மாதத்துக்கு அப்புறம் கல்லூரி ஆண்டு விழாக்கள் தொடங்கிவிடும், உங்கள் போட்டிகளும் வரிசையாக வரும். என்னைக் கூப்பிடுவீர்கள். கூப்பிடும்போது என் கட்டணத்தோடு இரண்டு தாள் கேட்பேன்: நேர்காணல் கேள்விகள் ஒன்று, படங்களுக்கான ஒப்புதல் படிவம் தமிழில் ஒன்று. இரண்டையும் மேக்கப் அறையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைப்பேன், உள்ளே போகிறவர்கள் படித்துவிட்டுப் போகட்டும். எங்கள் ஒப்பனைக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் இன்னும் சிலரும் இதையே கேட்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தாள் வராத போட்டிக்குத் தேதி தருவதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம். மாதிரிப் படிவம் வேண்டுமென்றால் சொல்லுங்கள். எங்கள் குழுவில் ஒருவரின் தங்கை வக்கீல். அவர் எழுதித் தந்தது கைவசம் இருக்கிறது, காசு வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மேக்கப் அறையில் வேலை பார்க்கும் ஒருத்தி